வரதராஜுலு வீட்டு மீன்தொட்டியில் கரண்ட்

போடியில் ஞானமணி, தவமணி, பால்மணி என்று அண்ணன் தம்பி மூவர் இருந்தார்கள். சொன்னதைச் சொன்னபடி செய்வதில் அவர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை. அதனாலேயே ஐந்து வீட்டுக்காரர்கள் அவர்களைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். ஆறாவதாக மாடியை வாடகைக்குக் கொடுத்தவர் வரதராஜுலு. நல்ல மனிதர், விசாரிக்காமல் கொடுத்துவிட்டார்.

கீழ்வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் அவர் ஒரு வாஸ்து மீன் வளர்த்தார். அதன் மண்டையில் கொழுக்கட்டை அளவுக்கு ஒரு புடைப்பு. வீட்டுக்கு வந்த யோகமெல்லாம் அந்தப் புடைப்பால்தான் என்பது அவர் கட்சி. மகளைப் பார்க்கக் கோயம்புத்தூர் கிளம்பியவர், சாவியை மூத்தவன் ஞானமணியிடம் கொடுத்தார்.

"மீனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா மாடி கிடையாது தம்பி. பாத்துக்க."

ஞானமணி சாவியை இடுப்பில் செருகிக்கொண்டான். அந்த ஊரில் ஏழாவது வீடு தர இனி ஒருத்தரும் பாக்கியில்லை.

மறுநாள் காலை தீனி போடப் போன கடைசித் தம்பி பால்மணி, தண்ணீரில் விரல் பட்டதும் துள்ளிக் குதித்தான்.

"அண்ணே, தண்ணி கடிக்குது."

ஞானமணி தொட்டான். அவனையும் கடித்தது. இரண்டு பேர் சாட்சி போதாது என்று தவமணியும் தொட்டு உறுதி செய்தான்.

எலக்ட்ரீஷியன் காசிம் பாய்க்குப் போன் போட்டார்கள். அவர் பக்கத்து ஊரான தேவாரத்தில் வேலையாக இருந்தார்.

"உள்ள கிடக்கிற ஏதோ ஒண்ணு கரண்டைக் கசிய விடுது. ரப்பர் செருப்பு போட்டுக்கங்க. டெஸ்டரை வச்சுப் பாருங்க, லைட் எரியக் கூடாது. ஒவ்வொண்ணா வெளிய எடுங்க. எதை எடுத்ததும் ஷாக் நிக்குதோ, அதுலதான் கோளாறு. எதுன்னு மட்டும் சொல்லுங்க, சாயங்காலம் புதுசு வாங்கிட்டு வந்து மாட்டிர்றேன்."

தவமணி ஓடிப்போய் டெஸ்டர் வாங்கி வந்தான். தண்ணீரில் வைத்தால் அது பளிச்சென்று எரிந்தது. "எரியக் கூடாதுன்னு பாய் சொன்னாரே" என்று கடைக்குத் திரும்பினான். கடைக்காரர் ஏழு டெஸ்டரை எடுத்துக் காட்டினார். ஏழும் எரிந்தன. கடைசியில், குப்பைக்குப் போக வேண்டிய ஒன்றைக் கொடுத்துக் கும்பிட்டு அனுப்பினார். அது எரியவே இல்லை. மூவரும் நிம்மதியாகக் கையை விட்டார்கள். மூவரையும் கடித்தது.

"டெஸ்டருக்குச் சரியாயிருச்சு. நமக்குத்தான் இன்னும் ஆகல" என்றான் ஞானமணி.

அடுத்து ரப்பர் செருப்பு. போட்டுக்கொண்டு தொட்டால் ஷாக் இல்லை. இது ஞானமணிக்குப் பெரிய இடைஞ்சலாகப் போய்விட்டது.

"ஷாக்கே இல்லேன்னா, எதை எடுத்தா நிக்குதுன்னு எப்பிடிடா தெரியும்?"

தம்பிகள் அண்ணனின் மூளையை மெச்சிச் செருப்பைக் கழற்றி வைத்தார்கள்.

முதலில் மீனை எடுத்து ஒரு வாளித் தண்ணீரில் விட்டார்கள். தொட்டி கடித்தது. மீனில் கோளாறில்லை.

"ஆனா மண்டை வீங்கியிருக்குண்ணே. ஷாக்குல எகிறி முட்டியிருக்கும்" என்றான் பால்மணி. அதற்குத் தைலம் தேய்க்கப் போனவனை, தைலம் தண்ணீரில் கரைந்துவிடும் என்று தவமணி தடுத்தான். அன்றைக்கு அந்த வீட்டில் யாராவது உருப்படியாகச் சொன்னது அது ஒன்றுதான்.

பிறகு அடியில் கிடந்த கூழாங்கற்கள். ஒவ்வொன்றாக என்று பாய் சொல்லியிருந்தாரே. ஒரு கல்லை எடுப்பார்கள், தண்ணீரைத் தொட்டுப் பார்ப்பார்கள், கடி வாங்குவார்கள், அடுத்த கல்லுக்குப் போவார்கள். ஹீட்டரும் மோட்டாரும் தொட்டி மூலையில் ஓடிக்கொண்டே இருந்தன. அவற்றின் முறை வர இன்னும் நானூறு கல் இருந்தது.

மத்தியானம், நூற்று நாற்பதாவது கல்லில் சோர்ந்துபோன ஞானமணி சும்மா கையை வெளியே எடுத்தான். சட்டென்று ஷாக் நின்றது. மறுபடி விட்டான், கடித்தது. எடுத்தான், நின்றது. அவன் முகம் வாடிப்போயிற்று.

"தம்பிகளா, கோளாறு என் கையிலடா."

தம்பிகளும் சோதித்தார்கள். இடது, வலது, ஆறும் அப்படியே.

"ஆறுமா ஒரே நேரத்துல போகும்?" என்றான் தவமணி.

"போகாம? பொறந்ததுலேர்ந்து ஒரு தடவையாவது மாத்தியிருக்கோமா?"

அண்ணன் சொன்னதைத் தவமணி ஒத்துக்கொண்டான். ஞானமணி போனை எடுக்கும்போது வாசலில் ஆட்டோ வந்து நின்றது. மகள் ஊரில் இல்லாததால் வரதராஜுலு திரும்பிவிட்டார். மீனில்லாத தொட்டியைப் பார்த்ததும் பையைக் கீழே போட்டார்.

"டேய், என் மீன் எங்கடா?"

பதிலுக்குக் காத்திராமல், செருப்பை வாசலில் விட்டுவந்த காலோடு, தொட்டிக்குள் இரண்டு கையையும் விட்டுத் துழாவினார். அடுத்த நொடி அலறிக்கொண்டு சோபாவில் போய் விழுந்தார்.

ஞானமணி வாளியைத் தூக்கி வந்து காட்டினான். மீன் சுகமாக வாயைத் திறந்து மூடியது. வரதராஜுலு அதையே பார்த்துக்கொண்டு கையை உதறினார். ஞானமணி அவர் தோளை ஆதரவாகத் தட்டிவிட்டுப் போனைக் காதில் வைத்தான்.

"பாய், கண்டுபிடிச்சாச்சு. வரும்போது கை எட்டு வாங்கிட்டு வாங்க. ரெண்டு மட்டும் வயசானவங்களுக்குத் தோதா இருக்கட்டும்."