அமைச்சரின் மஞ்சள் மீசை

அரசவைக் கதைகளில் அரசர் வருவார், அமைச்சர் வருவார், யானைகூட வரும். அரசருக்கு வெற்றிலை மடித்துக் கொடுப்பவள் மட்டும் வருவதில்லை. இந்தக் கதை அவளுடையது. பெயர் சிலம்பாயி. பிறந்த ஊர், மலைக்கும் ஓடைக்கும் நடுவே கிடந்த நாவற்குறிச்சி; கைவிரலில் அடங்கும் கூரைகளும் கைக்கு அடங்காத கோழிகளும் கொண்ட சிற்றூர்.

அரசருக்கு வேட்டைக்காடு ஒன்று வேண்டியிருந்தது. ஆள் குடியிருக்கும் இடம் கூடாது என்று சொல்லி, இடம் பார்த்துவர அமைச்சர் அனந்தகேசரியை அனுப்பினார். அவர் போய்ச் சேர்ந்த அன்று நாவற்குறிச்சியில் மஞ்சள் நீராட்டு. அன்றைக்கு எல்லைக்குள் கால்வைக்கும் வெளியூர் ஆண் எவரும் அவர்களுக்கு மாப்பிள்ளை முறை. பெண்கள் அவர்மேல் மஞ்சள் நீரைக் குடம் குடமாக ஊற்றிவிட்டார்கள். பல்லக்குத் தூக்கிகள் சிரித்ததைத்தான் அமைச்சரால் பொறுக்க முடியவில்லை.

அவமானத்தைத் துடைக்க அவருக்கு ஒரே வழிதான் தோன்றியது: அந்த ஊரையே துடைத்துவிடுவது. உடை மாற்றிக்கொண்டு அவைக்கு வந்து, மலைக்கும் ஓடைக்கும் நடுவே மனித வாடையே இல்லை என்று சத்தியம் செய்தார். வேலி போட ஆணையிட அரசர் வாயெடுத்தார். பக்கத்தில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள் சிலம்பாயி. அவள் தாயும் தங்கையும் அங்கேதான் இருந்தார்கள்.

ஆனால் அமைச்சரின் வெள்ளை மீசை மஞ்சளாகவே இருந்தது. எத்தனை தேய்த்தும் போகவில்லை போலும். அது என்னவென்று அரசர் கேட்டார்.

"அந்த ஆளில்லாக் காட்டுப் புழுதி, மகாராஜா. அங்கே மண்ணே மஞ்சள்."

துடைத்துவிட அனுமதி கேட்டாள் சிலம்பாயி. அரசர் தலையசைத்தார். வெற்றிலைக்கு வைத்திருந்த சுண்ணாம்பை விரலில் தொட்டு, அமைச்சரின் மீசையில் ஒரே இழுப்பு. மீசை குங்குமமாய்ச் சிவந்தது. அவை வாயைப் பொத்திக்கொண்டது.

"மண்ணில் சுண்ணாம்பு பட்டால் இப்படிச் சிவக்காது, மகாராஜா. மஞ்சள்தான் சிவக்கும்."

"உம்மேல் மஞ்சள் ஊற்றியது யாரய்யா?" என்றார் அரசர். சிலம்பாயி முந்திக்கொண்டாள்.

"எங்கள் ஊர்ப் பெண்கள்தான், மகாராஜா. மாப்பிள்ளைக்குத்தான் ஊற்றுவோம். ஐயா கூச்சத்தில் மாமியார் வீட்டை மறைக்கிறார். தாங்கள் அங்கே அம்பு விட்டால், அது அவர் மாமியாரின் முற்றத்தில்தான் விழும்."

அரசர் சிரித்த சிரிப்பில் வாயிலிருந்த தாம்பூலம் சிங்காதனத்தில் தெறித்தது. வேட்டைக்காடு கைவிடப்பட்டது. முறைப்படி மாமியார் வீட்டுக்குச் சேலைகள் சுமந்துகொண்டு அமைச்சர் மறுபடி போகவேண்டியதாயிற்று, இம்முறை நடந்து.

சிலம்பாயிக்கு ஒரு முத்துமாலை கிடைத்தது. அவளை அமைச்சராக்கலாம் என்று அரசருக்கும் தோன்றவில்லை, வேறெவருக்கும் தோன்றவில்லை. சாகும்வரை அவள் வெற்றிலைதான் மடித்துக்கொண்டிருந்தாள்.