முண்டு மிளகாய்க் குழம்பு

இராமநாதபுரத்துப் பக்கம் ஒரு ஜமீன்தார் இருந்தார். முண்டு மிளகாயை வெறும் வாயில் மென்றாலும் தன் கண் கலங்காது என்று ஊரெல்லாம் பீற்றிக்கொள்வார். தன் மகளின் மாமனாரான சம்பந்தி விருந்துக்கு வந்த அன்று, சமையல்காரி இருளாயியைக் கூப்பிட்டார்.

"மீன்குழம்பு சம்பந்திக்கு உச்சி மண்டையில ஏறணும். ஆனா என் கண்ணுல பொட்டுத் தண்ணி வந்துச்சுன்னா உனக்கு இங்க வேலை கிடையாது."

"ஒரே சட்டியில எப்படி எசமான்?"

"அது உன் பாடு."

இருளாயி அடுப்படிக்குப் போனாள். குண்டு குண்டான மிளகாயை நல்லெண்ணெயில் வறுத்து, அம்மியில் மைய அரைத்துக் குழம்பு வைத்தாள். வாசனை தெருமுனை வரை போனது.

பந்தியில் சம்பந்தி மூக்கை உறிஞ்சிக்கொண்டே மறுசோறு கேட்டார். ஜமீன்தாருக்கோ இரண்டாம் கவளத்திலேயே கன்னத்தில் தண்ணீர் வழிந்தது.

"என்னடி செஞ்சு வச்சிருக்க?" என்று சீறினார். பந்தியே திரும்பிப் பார்த்தது.

இருளாயி அகப்பையோடு பணிவாக நின்றாள். "காரத்துல வந்த கண்ணீரா எசமான்? அப்படின்னா இப்பவே கிளம்பிடுறேன்."

ஜமீன்தார் சம்பந்தியை ஓரக்கண்ணால் பார்த்தார். "காரமா, எனக்கா? மகளைப் பிரிஞ்சு இருக்கோமேன்னு நினைச்சேன், கலங்கிருச்சு."

"அதானே பார்த்தேன்" என்று இருளாயி இன்னும் இரண்டு அகப்பை ஊற்றினாள். அதையும் தின்று முடிப்பதற்குள் அவர் துண்டே நனைந்துவிட்டது.

சம்பந்தி மனம் உருகிப்போய், ஊருக்குப் போனதும் மருமகளை ஒரு மாதம் அப்பா வீட்டுக்கு அனுப்பி வைத்தார். பிறந்த வீட்டுக் குழம்புக்கு ஏங்கிக் கிடந்த மகள் தினமும் அதையே கேட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து அப்பாவும், காரம் என்று சொல்ல வழியில்லாமல், துண்டும் கையுமாகச் சாப்பிட்டார்.