வெயிலுகந்தானின் தேயாத டயர்கள்

கட்டாரம்பட்டிக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. யாராவது நாலு விஷயம் சொன்னால், நாலையும் ஒரே ஆள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளமாட்டார். ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக்கொள்வார்கள். ஒரே தலையில் நாலையும் ஏற்றினால் கழுத்து பிடித்துக்கொள்ளும் என்று அந்த ஊரில் ஒரு நம்பிக்கை. அப்புறம் அவரவர் பங்கை அவரவர் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றுவார்கள். அடுத்தவர் பங்கைப் பற்றிக் கேட்டால், "அது என் தலையில இல்லையே" என்பார்கள். இந்த வழக்கத்தால் இதுவரை ஒரு காரியமும் கெட்டதில்லை என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். நாமும் நம்பித்தான் ஆகவேண்டும்.

அந்த ஊரில் வெயிலுகந்தான் என்று ஒரு ஆட்டுக்காரன் இருந்தான். எல்லோரும் வெயிலு என்பார்கள். இருநூறு ஆடுகளை ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போவான். கேட்டவர் காட்டில் ராத்திரி ஆடுகளை மடக்கிக் கிடை போடுவான். எரு காட்டுக்கு, தவச தானியம் இவனுக்கு. இன்றைக்கு ஓர் ஊர், நாளைக்கு ஓர் ஊர். படுப்பதெல்லாம் வெட்டவெளியில், ஆடுகளுக்கு நடுவில்.

ஊசிமேட்டில் கிடை போட்டிருந்தபோது அந்த ஊர்ச் சிட்டம்மாள் அவனைத் தேடிக்கொண்டு வந்தாள்.

"உங்க ஆடு எங்க வீட்டுப் பஞ்சாங்கத்தைத் தின்னுட்டு" என்றாள்.

"எந்த மாசம் வரைக்கும்?" என்று கேட்டான் வெயிலு.

அவள் ஒரு கணம் யோசித்தாள். "மாசி வரைக்கும்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பிலேயே வெயிலு விழுந்துவிட்டான். கல்யாணத்தைப் பங்குனியில் வைத்தார்கள். பஞ்சாங்கத்தில் வேறு மாசம் மிச்சமில்லை.

ஆனால் அவளுடைய அப்பா சேவுகப்பெருமாள் லேசுப்பட்ட ஆள் இல்லை. நாற்பது வருஷம் லாரி ஓட்டியவர்.

"என் மக வெட்டவெளியில படுக்கமாட்டா. உனக்கு வீடு இருக்கா?"

"ஆடு நடந்துக்கிட்டே இருக்கு மாமா. வீடு எப்படிக் கூட வரும்?"

"சக்கரம் வச்சுக் கட்டு. வராம எங்க போகும்? ஆனா ஒண்ணு. நாப்பது வருஷத்துல ஒன்பது டயர் என் காலுக்கடியில வெடிச்சிருக்கு. டயரைப் பாக்காதவன் என் மகளை என்னத்தைப் பாப்பான்? முகூர்த்தத்தன்னைக்குத் தீப்பெட்டியோட வாசல்ல நிப்பேன். டயரைச் சோதிச்சுட்டுத்தான் தாலி. தேஞ்ச டயரோட வந்தேன்னு வையி, வந்த வழியே திரும்பிப் போயிரணும்."

வெயிலு இருபது ஆடுகளை விற்று, டிராக்டரில் மாட்டி இழுக்கிற மாதிரி நாலு சக்கர வண்டி ஒன்று செய்தான். அதன்மேல் தகரக் கூரை போட்டு வீடு கட்டினான். கதவு ஒன்று, சன்னல் இரண்டு, உள்ளே ஒரு கட்டில். டயர் மட்டும்தான் பாக்கி.

டயர் வாங்க டவுனுக்கு நாலு பேர் போனார்கள். வெயிலு, அவன் அண்ணன் இருளப்பன், தாய்மாமன் தவசி, மாமன் பெண்டாட்டி முப்பிடாதி அத்தை. டயர்க்கடை மரியதாஸ் அண்ணாச்சி பொறுமையான மனுஷர். அன்று சாயங்காலம் வரைக்கும் அப்படித்தான் இருந்தார்.

"மிச்சம் பிடிக்கிறோம்னு பழைய கார் டயரைப் போட்டுறாதீங்க. இழுவை வண்டிக்குன்னே டயர் இருக்கு. பாரம் தாங்கும். இந்தா, பக்கத்துல நாலு நம்பர் இருக்கு பாருங்க. எத்தனாவது வாரம், எந்த வருஷம் செஞ்சதுன்னு அர்த்தம். இது பிறந்து ஆறு வாரம்தான் ஆச்சு."

முப்பிடாதி அத்தை நெஞ்சில் கை வைத்தாள். "ஆறு வாரமா? இன்னும் தலைகூட நிக்காதே அண்ணாச்சி. இதுமேலயா வீட்டைத் தூக்கி வைக்கச் சொல்றீக?"

"கொஞ்சம் விவரம் தெரிஞ்ச வயசுல எடுத்துப் போடுங்க" என்றார் தவசி மாமா. "ஒரு இருபத்தஞ்சு, முப்பது வயசுல."

"அய்யா, டயருக்கு ஆயுசே அஞ்சு வருஷம்தான். தேயாம இருந்தாலும் அதுக்கு மேல ஓட்டக்கூடாது, மாத்திரணும்."

தவசி மாமா தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"அஞ்சே வருஷமா?" என்றாள் அத்தை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பக்கத்திலிருந்த டயரைத் தடவிக்கொடுத்தாள். "இருக்கிற வரைக்கும் நல்லா வச்சுக்கிடுவோம், என்ன?"

டயர் மாட்டி முடித்ததும் அண்ணாச்சி விரலை மடக்கி நாலு விஷயம் சொன்னார். ஓடின சூட்டில் காற்றுப் பார்க்கக் கூடாது, டயர் குளிர்ந்திருக்கும்போதுதான் பார்க்கவேண்டும். டயரில் வெயில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எழுதியிருக்கிற அளவுக்கு மேல் பாரம் ஏற்றக் கூடாது. டயர்ப் பள்ளத்தில் தீக்குச்சியைத் தலைகீழாக நட்டால் மருந்துத் தலை வெளியில் தெரியக் கூடாது, தெரிந்தால் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

வழக்கப்படி பிரித்துக்கொண்டார்கள். காற்று தவசி மாமாவுக்கு. வெயில் அத்தைக்கு. பாரம் இருளப்பனுக்கு. தீக்குச்சி மாப்பிள்ளைக்கு.

ஊசிமேடு ஏழு மைல். வெள்ளிக்கிழமை காலையில் முகூர்த்தம். புதன்கிழமை விடிந்ததும் புறப்பட்டார்கள். புறப்பட்டார்கள் என்றால், புறப்பட உட்கார்ந்தார்கள்.

தவசி மாமா டயரில் கை வைத்துப் பார்த்தார். குளிர்ச்சிதான். ஆனால் எதைவிடக் குளிர்ச்சி என்று அண்ணாச்சி சொல்லவில்லையே. மண்பானைத் தண்ணீரில் ஒரு கையும் டயரில் ஒரு கையுமாக வைத்துப் பார்த்தார். பானைதான் குளிர்ச்சி. நாலு சாக்கை நனைத்து நாலு டயரிலும் சுற்றினார். டயர் பானைக்குச் சமமாகக் குளிர்வதற்குள் சூரியன் பனைமரத்துக்கு மேலே வந்துவிட்டது. அவர் காற்றுப் பார்த்துவிட்டு, "சரியா இருக்கு, கிளம்பலாம்" என்றார்.

"எப்படிக் கிளம்ப? வெயில் வந்துட்டுல்லா" என்றாள் அத்தை. கல்யாணத்துக்கு வாங்கின குடைகள் நாலு இருந்தன. ஆளுக்கு ஒரு குடை, ஆளுக்கு ஒரு சக்கரம் என்று நிறுத்தினாள். இருளப்பன் கொண்டுவந்திருந்த டிராக்டர் படபடவென்று சத்தம் போட்டுக்கொண்டு நின்றது.

ரொம்ப நேரம் கழித்து தவசி மாமா கேட்டார். "ஏன் நகரமாட்டேங்குது?"

"டீசல் இருக்கு மாமா" என்றான் இருளப்பன்.

"கியர் போட்டாச்சா?"

"அதுக்கு ஆள் ஏறி உக்காரணும்."

"யாரு ஏறணும்?"

"நான்தான்."

"அப்ப ஏறு."

"குடை?"

நாலு பேரும் குடையை இறக்காமலே வட்டமாக உட்கார்ந்து யோசித்தார்கள். காலை வெயில் ஒரு பக்கச் சக்கரங்களில்தான் விழுகிறது, அதற்கு இரண்டு குடை போதும் என்பதை வெயிலுதான் கண்டுபிடித்தான். மாப்பிள்ளைக்கு வானசாஸ்திரம் தெரியும் என்று அத்தைக்கு ஒரே பெருமை.

வண்டி நகர்ந்தது. ஒரு கூப்பிடு தூரம் போனதும் தவசி மாமா கையைக் காட்டி நிறுத்தினார். டயரைத் தொட்டுப் பார்த்து, "சுடுது" என்றார்.

"ஓடினா சுடத்தான் செய்யும் மாமா" என்றான் வெயிலு.

"சூட்டோட காத்துப் பாக்கக் கூடாதுன்னு சொன்னாரா இல்லியா? காத்து என் தலையில இருக்கு மாப்ளே. ஆறட்டும்."

ஆறினது. பார்த்தார். ஓடினது. சுட்டது. ஆறினது. புதன்கிழமை முடிந்தபோது ஒரு மைல் வந்திருந்தார்கள். பின்னால் திரும்பிப் பார்த்தால் அத்தை காயப்போட்டிருந்த சேலை தெரிந்தது.

வியாழக்கிழமை காலையில் இருளப்பன் தன் பங்கை எடுத்தான். "டயர்ல அறுநூறு கிலோன்னு போட்டிருக்கு. நாம எவ்வளவு ஏத்தியிருக்கோம்?"

"யாருக்குத் தெரியும்?" என்றாள் அத்தை.

"தெரியாம எப்படி ஏத்துறது? எல்லாத்தையும் இறக்குங்க."

பெட்டி, குத்துவிளக்கு, அம்மிக்கல், கட்டில் எல்லாம் இறங்கின. அப்புறம் அவன் வீட்டையே ஒரு பார்வை பார்த்தான். கதவையும் கழற்றி மாமா தலையில் வைத்தான்.

"கதவில்லாம எப்படிடா வீட்டுக்குள்ள போறது?" என்று கேட்டார் தவசி மாமா.

"கதவு உங்க தலையிலதான மாமா இருக்கு. போகணும்னு தோணினா இறக்கி வச்சுத் திறந்துக்கிடுங்க."

அது சரியாகத்தான் பட்டது அவருக்கு. டிராக்டர் வெறும் வீட்டை இழுத்துக்கொண்டு முன்னால் போனது. பின்னால் மாமா தலையில் கதவோடும், அத்தை இடுப்பில் அம்மிக்கல்லோடும் ஒரு கையில் குடையோடும், வெயிலு தலையில் கட்டிலோடும் கட்டில்மேல் பெட்டி, குத்துவிளக்கோடும் ஓடினார்கள். எதிரே சைக்கிளில் வந்தவர் இறங்கி நின்று கேட்டார்.

"என்னய்யா, வண்டி ரிப்பேரா?"

"வண்டி நல்லாத்தான் இருக்கு" என்றார் மூச்சு வாங்க தவசி மாமா. "நாங்கதான் ரிப்பேர்."

இரண்டாவது மைலில் வெயிலு தீக்குச்சியை எடுத்து டயர்ப் பள்ளத்தில் நட்டான். மருந்துத் தலை தெரியவில்லை. ஆனால் முந்தாநாள் நட்டபோது இன்னும் ஆழமாகப் போன மாதிரி இருந்தது. மறுபடியும் நட்டான். குனிந்து பார்த்தான். படுத்துப் பார்த்தான். சந்தேகமே இல்லை, ஒரு மயிரிழை தேய்ந்திருந்தது. இரண்டு மைலுக்கே இப்படி என்றால் இன்னும் ஐந்து மைல் கிடக்கிறதே. தீப்பெட்டியோடு வாசலில் நிற்கிற சேவுகப்பெருமாள் கண்ணுக்கு முன்னால் வந்தார். அவருக்குப் பின்னால் சிட்டம்மாள் நின்றாள். அவள் சிரிக்கவில்லை. வெயிலு அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டான்.

"என்ன மாப்ளே?" என்றாள் அத்தை.

"போகப்போகத் தேயுது அத்தை. போகாட்டி கல்யாணம் இல்ல. போனா டயர் இல்ல, அப்பவும் கல்யாணம் இல்ல."

நாலு பேரும் டயரைச் சுற்றி உட்கார்ந்தார்கள். வெயிலுவே தலையை நிமிர்த்தினான்.

"உருள்றதாலதான தேயுது? கழத்திட்டா?"

தவசி மாமா யோசித்தார். "கழத்திட்டா சுடாது. என் தலைக்குச் சரி."

"கழத்தி வீட்டுக்குள்ள வச்சா வெயிலே படாது" என்றாள் அத்தை.

"டயர்மேல பாரமே கிடையாது" என்றான் இருளப்பன்.

கட்டாரம்பட்டியில் நாலு தலை ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது அதுதான் முதல்தடவை. அத்தை அழுதுவிட்டாள்.

டயர்களைக் கழற்றினார்கள். கட்டிலை மறுபடியும் வீட்டுக்குள் போட்டு, அதில் நாலையும் படுக்கவைத்துப் போர்வை போர்த்தினார்கள். அந்த நேரம் பார்த்து, வெயிலுவின் ஆடுகளையும் ஓட்டிக்கொண்டு கல்யாணத்துக்கு நடந்து வந்துகொண்டிருந்த கிடைக்காரர்கள் இருபது பேர் அங்கே வந்து சேர்ந்தார்கள். நீளமான மரங்களை அடியில் கொடுத்து, வீட்டைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். இருளப்பன் வெறும் டிராக்டரை முன்னால் ஓட்டினான்.

"அதுவும் தேயுமே அண்ணே?" என்றான் வெயிலு.

"இது இரவல் டயர்" என்றான் இருளப்பன்.

வழியில் இரண்டு ஊர்க்காரர்கள், ஏதோ சாமி புறப்பாடு என்று நினைத்துத் தேங்காய் உடைத்தார்கள். உள்ளே எட்டிப் பார்த்த ஒரு பெரியவர், போர்வைக்குக் கீழே கறுப்பாக வட்டமாகத் தெரிந்ததைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அத்தையும் சும்மா இல்லாமல் அவர் நெற்றியில் துன்னூறு பூசிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை, மேளம் ஆரம்பிக்கிற நேரத்துக்கு வீடு ஊசிமேட்டுக்கு வந்து இறங்கியது. சேவுகப்பெருமாள் வாசலில் தீப்பெட்டியோடு நின்றார். வீட்டை முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார், குனிந்து அடியில் பார்த்தார்.

"டயர் எங்க?"

மேளம் நின்றுவிட்டது. வெயிலு அவரை உள்ளே கூட்டிப்போய்ப் போர்வையை விலக்கினான்.

சேவுகப்பெருமாள் ஒரு குச்சியை எடுத்து முதல் டயரில் நட்டார். மருந்துத் தலை காணாமல் போனது. நாலு டயரிலும் நட்டுப் பார்த்தார். உள்ளங்கையை வைத்தார், குளிர்ச்சியாக இருந்தது. மூக்கை வைத்தார், கடை வாசனை அப்படியே இருந்தது. அவர் வெளியே வர ரொம்ப நேரம் ஆனது. வந்தபோது கண் கலங்கியிருந்தது.

"நாப்பது வருஷம் ஓட்டியிருக்கேன். ஏழு மைல் வந்த டயரு இப்படிப் புதுசா இருந்து நான் பாத்ததில்ல. மேளத்தை அடிங்கய்யா."

தாலி கட்டியாயிற்று. இலையில் சாப்பாடு ஆயிற்று. சிட்டம்மாள் வலது காலை எடுத்துவைத்துத் தன் வீட்டுக்குள் போனாள். கட்டிலைப் பார்த்தாள்.

"நான் எங்க படுக்க?" என்று கேட்டாள்.

"அதுகளை எப்படிம்மா தரையில போட?" என்றாள் முப்பிடாதி அத்தை. "ஆறு வாரத்துப் பிள்ளைக. ஆயுசே அஞ்சு வருஷம்தான்."

சிட்டம்மாள் அப்பாவைப் பார்த்தாள். அவர் போர்வையைச் சரிசெய்துகொண்டிருந்தார். அவள் புருஷனைப் பார்த்தாள்.

"அப்ப நான் அந்தப் பஞ்சாங்கம் தின்ன ஆட்டுக்குப் பக்கத்துலயா படுக்கணும்?"

"அதுக்கு அந்தப் பக்கம் நான் இருப்பேன்ல" என்றான் வெயிலு. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்கப்புறம் என்ன பேச்சு? கிடைக்கு நடுவில் பாயை விரித்தார்கள்.

கிடை ஊர் மாறும்போதெல்லாம் இருபது பேர் வந்து வீட்டைத் தூக்கிக்கொண்டு போவார்கள். மாசத்துக்கு ஒருதடவை சேவுகப்பெருமாள் வருவார். வெளியில் படுத்திருக்கிற மகளிடம், "உள்ள எல்லாரும் சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டு, கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே போவார்.

இப்படியே ஐந்து வருஷம் ஓடிவிட்டது. ஐந்து முடிந்தால் மாற்றவேண்டும் என்பது அண்ணாச்சி சொன்னது. தவறாமல் டவுனுக்குப் போய்ப் புதிதாக நாலு டயர் வாங்கிவந்தார்கள். இந்தத் தடவை கட்டாயம் உள்ளே படுத்துக்கொள்ளலாம் என்று சிட்டம்மாள் பாயைச் சுருட்டி வைத்திருந்தாள். ஆனால் பழைய டயர்களை வெளியே போட யாருக்கும் மனசு வரவில்லை. வயசான காலத்தில் அதுகள் எங்கே போகும்? பழசையும் புதுசையும் ஒரே கட்டிலில் நெருக்கிப் படுக்கவைப்பதும் நியாயமில்லை.

அதனால் வெயிலு இன்னும் இருபது ஆடுகளை விற்று, புது டயர்களுக்கென்று இரண்டாவதாக ஒரு வீடு கட்டினான். அதே மாதிரி தகரக் கூரை, ஒரு கதவு, இரண்டு சன்னல், ஒரு கட்டில். வேலை எல்லாம் முடிந்துவிட்டது. நாலு சக்கரத்துக்கும் டயர் மட்டும்தான் பாக்கி. அதை வாங்கத்தான் நேற்றுக் காலையில் நாலு பேரும் மரியதாஸ் அண்ணாச்சி கடைக்குப் போயிருக்கிறார்கள்.

கடை உள்பக்கமாகப் பூட்டியிருக்கிறதாம். உள்ளே விளக்கு மட்டும் எரிகிறதாம்.