இடதுபக்க முன்படி

எஸ்தர் டீச்சரிடம் ரயில் மாடல் செய்யக் கற்றுக்கொள்ள வந்தவர்களில் தங்கமாரிதான் மூத்தவர். டீச்சருக்கு நாற்பது வயது. அவருக்கு அறுபத்து மூன்று. டீசல் இன்ஜின் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். கடைசிப் பதினோரு வருஷம் தான் ஓட்டிய இன்ஜினைத்தான் செய்வேன் என்று பிடிவாதமாக உட்கார்ந்தார்.

எட்டு மாதம் கழித்து, முழங்கை நீள இன்ஜினை மேஜைமேல் வைத்தார்.

"அச்சு அசலா இருக்கா, டீச்சர்?"

எஸ்தர் பூதக்கண்ணாடியை எடுத்தார். ஹாரன், கைப்பிடிக் கம்பி, மணல் குழாய், நம்பர் எழுத்து என்று ஒவ்வொன்றையும் தங்கமாரி கொண்டுவந்திருந்த இன்ஜின் புகைப்படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்.

"ஏறுறதுக்கு வச்சிருக்கிற இடதுபக்க முன்படி தப்பு, அண்ணாச்சி."

"வரைபடத்துல உள்ளபடிதானே வச்சிருக்கேன்?"

"போட்டோவுல வளைஞ்சிருக்கே. இது எப்ப எடுத்தது?"

"நான் ரிட்டயர் ஆன அன்னைக்கு."

"படி எப்ப வளைஞ்சது?"

தங்கமாரி நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அதுக்கு ஆறு வருஷம் முந்தி. ஆளில்லாத கேட். பால் கேனோட ஒருத்தர் மொபெட்ல குறுக்க வந்துட்டார். ஹாரன் அடிச்சேன். பிரேக் போட்டேன். வண்டி நிக்கல. அவர் திரும்பினார், டீச்சர். என் முகத்தைத்தான் பார்த்தார்."

எஸ்தர் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார்.

"விசாரணையில என் மேல தப்பில்லைன்னு எழுதிட்டாங்க. மோதினதுல வளைஞ்ச படியை இன்ஜின் ஷெட்டுல நிமிர்த்தினாங்க. முழுசா நிமிரல."

எஸ்தர் மாடலின் முன்விளக்கைத் தொட்டார்.

"இந்த இரட்டை விளக்கு எப்ப வந்தது?"

"அது... அதுக்கு அடுத்த வருஷம் மாத்தினது."

"அப்போ விளக்கு வந்த நாள்ல இந்தப் படி நேரா இல்ல. படி நேரா இருந்த நாள்ல இந்த விளக்கு இல்ல. நீங்க செஞ்சிருக்கிற இன்ஜின் ஒரு நாள்கூட ஓடல, அண்ணாச்சி."

அலமாரியைத் திறந்து இரண்டு பொருட்களை எடுத்து அவர் முன்னால் வைத்தார். ஒன்று, பழைய மாதிரி ஒற்றை விளக்கு. இன்னொன்று, படியை வளைக்க ஒரு சின்னக் குறடு.

தங்கமாரியின் கை விளக்கின் பக்கம் போனது.

"இதை மாட்டிட்டா, படி நேராவே இருந்துட்டுப் போகட்டும்ல, டீச்சர்? எல்லாம் சரியாயிரும்ல?"

"சரியாயிரும். வண்டியை ஒருத்தரும் குறை சொல்ல முடியாது" என்றார் எஸ்தர். "ஆனா அந்த வண்டியை ஓட்டுறவர் இன்னும் அந்த மனுஷர் முகத்தைப் பார்க்காதவர். அவரை எங்கேயிருந்து கூட்டிட்டு வருவீங்க, அண்ணாச்சி?"