கடைசிப் பன்னிரண்டு பக்கங்கள்

கடைசியில் ஒரு கேள்வி வரும். அதற்கு வேண்டிய சங்கதி கதைக்குள்ளேயே கிடக்கிறது. பராக்குப் பார்க்காமல் கேட்டால் போதும்.

தூத்துக்குடிப் பக்கம் ஒரு கடலோர ஊரில் வைகுண்டமணி வாடகை நூல்நிலையம் நடத்தி வந்தார். அங்கே தைத்துத் தைத்து அட்டையே நூலாகிப்போன புத்தகம் ஒன்று உண்டு, ‘வடக்கறைச் சத்தம்’ என்ற பேய் நாவல். காணாமல் போன மகன் பூட்டிய அறைக்குள்ளிருந்து அந்திதோறும் கதவைத் தட்டுகிறான். கடைசி வரியில் தாய் தாழ்ப்பாளில் கை வைக்கிறாள், அத்தோடு முற்றும். திறந்தாளா இல்லையா என்று தெரியாமல் ஊர் பத்தொன்பது வருஷம் காத்துக் கிடந்தது.

ஒருவழியாக இரண்டாம் பாகம் வந்தது. கடையில் இருந்தது ஒரே பிரதி, வரிசையிலோ நாற்பத்தொரு பேர். அதில் தாய் கதவைத் திறந்துவிடுகிறாள். உள்ளே யாரும் இல்லை. தட்டும் சத்தமும் அன்றோடு நின்றுவிடுகிறது.

படித்தவர்கள் இரண்டு கட்சியானார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து சனம் வெளியே வருகிற நேரத்தில், மாதா கோயில் வாசலிலேயே சண்டை மூண்டது.

“இத்தன வருசம் காத்திருந்தவன் வாயில மண்ண அள்ளிப் போட்டுட்டான் வே. கதவத் தொறந்தா உள்ள ஒண்ணுமே இல்லன்னா, அது என்ன பேய்க்கத?” என்றார் ஐஸ் கம்பெனி சேவியர்.

“காலி ரூம விடப் பெரிய பேய் உண்டுமா? ரெண்டு நாளா எனக்குத் தூக்கம் இல்ல வே,” என்றார் தையல்கடை அல்போன்ஸ். தெருக்கோடி வரை கேட்டது. படியில் குனிந்து பனிமயம் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். மறுநாள் அவள் வைகுண்டமணிக்கு ஆள் சொல்லி அனுப்பினாள்: “வரிசையில எம் பேர அடிச்சிராதீங்க.”

பனிமயத்தின் மகன் மிக்கேல் கடலுக்குப் போய் ஆறு வருஷம். படகும் திரும்பவில்லை, உடம்பும் கரை ஒதுங்கவில்லை. இறந்தவர்களுக்கு வைக்கிற ஆத்துமப் பூசையை வைக்கலாம் என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து உள்ளே போய்விடுவாள். மாதம் தவறாமல் முதல் பாகத்தை வாடகைக்கு வாங்கிக் கடைசி அத்தியாயத்தை மட்டும் படிப்பாள். “தட்டுற வரைக்கும் உள்ள ஆளு இருக்குன்னுதான அர்த்தம்?” என்று ஒருமுறை வைகுண்டமணியிடம் கேட்டாள். மிக்கேலின் மனைவி ஜெனோவாவும் அதே வீட்டில்தான் இருந்தாள். மனைவியுமில்லை, விதவையுமில்லை. தாய்வீட்டில் அவளுக்கு மறுமணம் பேசியிருந்தார்கள். மிக்கேலுக்குப் பூசை வைக்காமல் அந்தப் பேச்சு நகராது.

பனிமயத்தின் முறை வந்தது. புத்தகம் வாங்க அவள் கணவர் சவரிமுத்து வந்தார். எடுத்துக்கொண்டு போகாமல் கடையிலேயே நின்றார்.

“கடைசியில என்ன வருதுன்னு ஊரே சொல்லுது. இத அவ படிச்சா தாங்க மாட்டா அண்ணாச்சி.”

முறை வந்தவருக்குப் புத்தகத்தை மறுப்பதில்லை என்பது வைகுண்டமணி வைத்திருந்த ஒரே சட்டம். சவரிமுத்து மேசையிலிருந்த பிளேடை எடுத்துக் கடைசிப் பன்னிரண்டு பக்கங்களை வெட்டி அவர் கையில் கொடுத்தார். “திருப்பித் தந்தப்புறம் ஒட்டிக்கிடுங்க.” சொந்தப் பிள்ளையைக் கிள்ளியது போல் வைகுண்டமணிக்கு வலித்தது. ஆனாலும் வாங்கி இழுப்பறையில் வைத்தார்.

மறுநாள் ஜெனோவா வந்தாள். “முடிவு இல்லையே சித்தப்பா. அத்த கேக்காங்க.”

“அச்சகத்துல விட்டுட்டான் போல, தாயி,” என்றார் வைகுண்டமணி. இழுப்பறைமேல் இருந்த கையை அவர் எடுக்கவில்லை. ஜெனோவா அந்தக் கையைப் பார்த்துவிட்டுப் போனாள்.

நாலு நாள் கழித்துப் புத்தகத்தைத் திருப்பித் தர அவளே வந்தாள். “நாஞ் சொல்லிட்டேன். அந்தம்மா கதவத் தொறந்தா, உள்ள யாரும் இல்லன்னு. நம்ம வீட்டுலயும் இனி யாரும் வரப்போறதில்லன்னும் சொல்லிட்டேன்.”

அன்று சாயங்காலமே பனிமயம் கோயிலுக்குப் போய் மகன் பெயருக்கு ஆத்துமப் பூசை எழுதி வைத்தாள். பூசை முடிந்த நாளிலிருந்து அவள் யாரோடும் பேசவில்லை. சோறு வைத்தால் தின்றாள், இல்லாவிட்டால் சுவரோரம் படுத்துக் கிடந்தாள். “மருமவ கொன்னுட்டா அண்ணாச்சி,” என்று சவரிமுத்து கடையில் உட்கார்ந்து அழுதார். வைகுண்டமணிக்கும் அன்றைக்கு அப்படித்தான் தோன்றியது.

மனைவி நொறுங்கிவிடக் கூடாதென்று பக்கங்களை வெட்டினார் ஒருவர். அவருக்காகப் பொய் சொன்னார் இன்னொருவர். அவள் நொறுங்குவாள் என்று தெரிந்தே முடிவைச் சொன்னாள் ஒருத்தி, அதில் தன் வாழ்வும் அடங்கியிருந்தது. இதில் யார் செய்தது சரி?

விடை: ஜெனோவா செய்ததே சரி. வெட்டிய பக்கங்களை ஒட்ட உட்கார்ந்தபோதுதான் வைகுண்டமணிக்கு இது உறைத்தது. சேவியரும் அல்போன்சும் தொண்டை கிழியக் கத்தியபோது பனிமயம் அந்தப் படியில்தான் இருந்தாள். முடிவு தெரிந்த பிறகுதான் பெயரை அடிக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பினாள். ஊர் வாயால் கேட்டதை ஒருமுறை வீட்டு வாயால் கேட்க வேண்டியிருந்தது அவளுக்கு. சவரிமுத்து வைத்திருந்த பாசம் கொஞ்சமல்ல, வைகுண்டமணியின் பொய்யிலும் இரக்கம் இருந்தது. ஆனால் இருவரும் சேர்ந்து அவளை அந்தத் துக்கத்தோடு தனியாக விட்டார்கள். ஜெனோவாவுக்குச் சுயநலம் இருந்ததே என்றால், இருந்தது, அதை அவள் ஒளிக்கவில்லை. ஒன்றை மட்டும் வேண்டுமென்றே கதையில் சொல்லாமல் விட்டேன். ஜெனோவா சொல்லி முடித்ததும் பனிமயம் அழவில்லை. மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு, “ஆறு வருசமா எல்லாருக்கும் தெரியும். எங்கிட்ட ஏம் புள்ள ஒருத்தரும் சொல்லல?” என்று கேட்டாள்.