பெத்துராஜின் இடம்

“எல்லாருக்கும் நான்தான் சொல்லிக்குடுத்தேன். எல்லாரும் பாஸாகிப் போயிட்டாங்க. நான் மட்டும் ஏன் சார் இங்கயே கெடக்கேன்?”

பெத்துராஜ் இதைக் கேட்டபோது வகுப்பு இன்னும் தொடங்கவில்லை. இன்னாசி கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கோவில்பட்டியில் ஓர் உரக்கடையின் மாடி அது. அரசுத் தேர்வு எழுதுகிறவர்களுக்கு அங்கே காலையில் இலவசமாகப் பாடம் எடுத்தார் இன்னாசி. எடுத்து முடித்ததும் அப்படியே தாலுகா அலுவலகம் போவார். அங்கே அவர் துணை வட்டாட்சியர்.

பெத்துராஜ் அவரைவிட ஐந்து வயது மூத்தவர். ஒரு காலத்தில் இருவரும் ஒரே அறையில் தங்கிப் படித்தார்கள். அப்போது பெத்துராஜ் இன்னாசியை ‘தம்பி’ என்று கூப்பிடுவார். இன்னாசி தேர்ச்சி பெற்ற நாளிலிருந்து ‘சார்’. வேண்டாம் என்று எத்தனையோ முறை சொல்லியும் கேட்கவில்லை.

“உங்களை யாராவது போகச் சொன்னாங்களா அண்ணே?” என்றார் இன்னாசி.

“இல்ல.”

“தேர்வாணையம்?”

“அது எப்படிச் சொல்லும்? நம்மள மாதிரி பிற்பட்ட ஆளுக டிகிரி முடிச்சிருந்தா குரூப் டூவுக்கு வயசு வரம்பே இல்லையே.”

“அதான்.”

“எது அதான்?”

இன்னாசி துடைத்த பலகையையே திரும்பவும் துடைத்தார்.

பெத்துராஜுக்கு நாற்பத்தாறு வயது. நிறுத்திவிடுங்கள் என்று அவரிடம் சொல்ல ஒவ்வொரு வருஷமும் இன்னாசி வாயெடுத்தார். ஒவ்வொரு வருஷமும் தேர்தல் வேலை, வெள்ள நிவாரண வேலை என்று ஏதாவது வந்தது. வகுப்பைப் பெத்துராஜிடம் விட்டுவிட்டுப் போனார். பெத்துராஜ் நன்றாக எடுத்தார். இவர் போய்விட்டால் யார் எடுப்பார்கள் என்று ஒருநாள் நினைத்தது இன்னாசிக்கு நினைவிருக்கிறது. சொல்லாமல் போனது இரக்கத்தாலா, அந்த நினைப்பாலா? யோசித்துப் பார்த்திருக்கிறார். யோசனையை முடித்ததில்லை.

“அது கெடக்கட்டும் சார். இன்னொரு விஷயம்” என்ற பெத்துராஜ் வாசலைப் பார்த்துக் கூப்பிட்டார். “ஏட்டி, உள்ள வா.”

வாசலில் நின்றது அவர் மகள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவள். தோளில் ஊருக்குப் போகிற பை.

“வணக்கம் சித்தப்பா.”

“வா தபதி.”

இந்தியாவின் வரைபடத்தில்தான் அந்தப் பெயர் இருக்கிறது. சாத்பூரா மலைக்குத் தெற்கே மேற்கு நோக்கிப் பாயும் ஆறு எது என்று ஒரு வருஷம் கேட்டிருந்தார்கள். தபதி என்று இன்னாசிக்குச் சொல்லித் தந்தவர் பெத்துராஜ். தேர்வறையில் பெத்துராஜ் நர்மதை என்று குறித்துவிட்டார். இன்னாசி தபதி என்று குறித்தார். இன்னாசி உள்ளே போனார். பெத்துராஜ் அந்த ஒரு கேள்வியில் வெளியே நின்றார். அந்த வருஷம் பிறந்த மகளுக்கு, இனி ஒருநாளும் மறக்கக் கூடாதென்று, அந்தப் பெயரை வைத்தார்.

“மதுரையில நர்ஸிங் கெடைச்சிருச்சுன்னு உங்கம்மா சொன்னாங்களே. கவர்மென்ட் காலேஜ். என்னைக்குச் சேரணும்?”

“இன்னைக்குத்தான் கடைசி சித்தப்பா. சாயங்காலத்துக்குள்ள.”

“அப்ப இங்க என்ன பண்ற?”

தபதி அப்பாவைப் பார்த்தாள்.

“நான்தான் கூட்டியாந்தேன்” என்றார் பெத்துராஜ். “நாலு வருஷம் ஊசி போடக் கத்துக்கிட்டு என்ன செய்யப் போறா சார்? குரூப் ஃபோர் எழுத வயசு வந்தாச்சு. எம் பக்கத்துல உக்காந்தா ரெண்டே வருஷம், அடிச்சிருவா. எனக்கு விட்டது இவளுக்குக் கெடைக்கட்டும். இவளைச் சேத்துக்கோங்க.”

“சர்டிபிகேட்டெல்லாம்?”

பெத்துராஜ் தன் பையைத் தட்டினார். “எங்கிட்டதான் இருக்கு. பத்திரமா.”

“அது இல்லாம அங்க சேர முடியாதே.”

“அதான் சார் எங்கிட்ட இருக்கு.”

பையன்களும் பெண்களும் ஒவ்வொருவராக மேலே வந்துகொண்டிருந்தார்கள்.

“என்ன பெரியப்பா, மகளா? அப்பா வேலைக்கு மக வர்றதைக் கேள்விப்பட்டிருக்கேன். அப்பா படிப்புக்கும் வாரிசு உண்டா?” என்றான் ஒருவன்.

“சிரிங்கடா” என்றார் பெத்துராஜ். அவரும் சிரித்தார். “இவ எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டிருவா. தாலாட்டே பாடுனதில்ல இவளுக்கு. அரசியல் சட்டத்தைச் சொல்லித்தான் தூங்க வச்சேன். நடு ராத்திரி எழுப்பி முந்நூத்தி இருபத்தி நாலு என்னன்னு கேட்டா, தேர்தல் ஆணையம்னு சொல்லிட்டுத் தூங்கிரும். அப்ப ஆறு வயசு.”

“கண்ணைத் தொறக்க மாட்டேன்” என்றாள் தபதி. “தொறந்தா இன்னொண்ணு கேப்பாங்க.”

எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

இன்னாசி மேசையிலிருந்து ஒரு மாதிரித் தாளை எடுத்தார். “இதை எழுதிக் காட்டுறியா?”

“எழுதுறேன்.”

கடைசி வரிசையில் பெஞ்சுகள் காலியாகக் கிடந்தன. தபதி அங்கே போய் உட்கார்ந்தாள். தாளைப் படித்தாள். கறுப்புப் பேனாவை எடுத்து விடைத்தாளில் வட்டங்களை நிரப்பத் தொடங்கினாள். பெத்துராஜ் தன் இடத்திலிருந்து கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். முதல் பெஞ்சு, சுவரோரம். அந்தச் சுவரில் அவர் தலை சாயும் இடத்தில் எண்ணெய்க்கறை வட்டமாகப் படிந்திருந்தது.

சீக்கிரமே முடித்துவிட்டாள்.

“பாருங்க, வேகத்தைப் பாருங்க” என்றார் பெத்துராஜ்.

இன்னாசி விடைத்தாளை வாங்கிப் பார்த்தார். அதைப் பெத்துராஜிடம் நீட்டினார்.

அந்தத் தேர்வில் தெரியாத கேள்வியை வெறுமனே விட முடியாது. நான்கு விடைகளுக்குப் பக்கத்தில் ஐந்தாவதாக ஒரு வட்டம் உண்டு. ‘விடை தெரியவில்லை’ என்று அதற்குப் பொருள். தெரியாதவர்கள் அதைக் கறுப்பாக்க வேண்டும்.

தபதி எல்லாக் கேள்விக்கும் ஐந்தாவது வட்டத்தைக் கறுப்பாக்கியிருந்தாள். ஒன்றுகூட வெளியே சிந்தாமல், முழு வட்டமாக, அப்பா சொல்லிக்கொடுத்தபடி.

பெத்துராஜ் தாளைத் திருப்பிப் பார்த்தார். வினாத்தாளை எடுத்து ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படித்தார். ஓரிடத்தில் விரல் நின்றது.

“ஏட்டி. இது ஆத்துக் கேள்வி.”

“ஆமாப்பா.”

“சாத்பூராவுக்குத் தெக்க.”

“படிச்சேன்.”

“உம் பேருட்டி! உம் பேரே தெரியலன்னா போட்டிருக்க?”

“ஆமாப்பா.”

வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை.

பெத்துராஜ் மகளை வெகுநேரம் பார்த்தார். அவர் முகத்தில் என்னவோ அசைந்தது. ஏதோ சொல்லப் போகிறார் என்று இன்னாசி காத்திருந்தார்.

பெத்துராஜ் குனிந்து விடைத்தாளின் அடிப்பகுதியைப் பார்த்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

“கடைசியில எந்த வட்டம் எத்தனைன்னு எண்ணிப் போடணும்டி. போடாம விட்டுட்ட. அதுக்குத் தனியா மார்க்கைக் கொறைப்பான்” என்றார்.

எண்ணினார். கட்டத்தில் எண்ணிக்கையை எழுதினார். மற்ற நான்கு கட்டங்களிலும் மறக்காமல் பூஜ்யம் போட்டார்.

தபதி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“மொத நாளு சார். பயம். போகப் போகச் சரியாயிரும்” என்றார் பெத்துராஜ். “சேத்துக்கோங்க.”

இன்னாசி நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் கை சாக்பீஸைத் தேடியது. கிடைத்ததும் மேசைமேல் உருட்டினார். உருண்டு விழுந்தது. எடுக்கவில்லை.

“சரி. சேத்துக்கிறேன்” என்றார்.

தபதி சட்டென்று அவரைப் பார்த்தாள்.

“ஆனா ஒரு வீட்டுக்கு ஒரு இடந்தான்.”

“என்ன சார்?”

“ஒரு ரேஷன் கார்டுக்கு ஒரு இடம். நீங்க எந்திரிங்க. அவ உக்காரட்டும்.”

“இது எப்ப வந்த விதி?”

“இப்பத்தான்.”

பெத்துராஜ் சிரிக்கப் பார்த்தார். “பின்னாடி அத்தனை பெஞ்சு காலியா கெடக்கே சார்.”

“கெடக்கட்டும்.”

“அவ வெளிய படியில உக்காந்து கேக்கட்டும்.”

“படியில உக்காந்தாலும் அது இடந்தான்.”

“அடுத்த மாசம் எனக்குப் பரீட்சை சார்.”

“தெரியும்.”

“இந்தத் தடவை விடவே மாட்டேன். போன தடவை ரெண்டு கேள்விதான்.”

“தெரியும் அண்ணே. உங்க மகளுக்கு இடம் வேணும்னு கேட்டீங்க. இதோ இருக்கு இடம். எந்திரிங்க.”

வகுப்பு முழுக்கப் பெத்துராஜைப் பார்த்தது. தபதியும் பார்த்தாள். அவள் அங்கே உட்காரத்தான் அந்தப் பையைச் சுமந்து வந்தவளைப்போல அப்பா எழுவதையே எதிர்பார்த்து நின்றாள்.

பெத்துராஜ் புத்தகங்களை அடுக்கினார். பையை மடிமேல் வைத்தார். பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். பாதிதான் எழுந்தார். முழங்கால் நிமிரவில்லை. அப்படியே நின்றார், குனிந்தபடி, ஒரு கையைச் சுவரில் ஊன்றி. கீழே கடையில் யாரோ யூரியா மூட்டையை இறக்கும் சத்தம் கேட்டது.

மூட்டைகள் இறங்கி முடிந்தன.

பெத்துராஜ் உட்கார்ந்தார்.

“சின்னப் புள்ளதானே சார்” என்றார். “வயசு கெடக்கு. அந்த நாலு வருஷத்தைப் படிச்சிட்டே வரட்டும். பரீட்சை எங்க போயிரப் போவுது?”

“அப்ப மதுரைக்குப் போகட்டுமா?”

பெத்துராஜ் தலையை மட்டும் அசைத்தார்.

“நீங்க வாயால சொல்லணும் அண்ணே.”

“போகட்டும்.”

“சர்டிபிகேட்டைக் குடுங்க.”

பெத்துராஜ் பைக்குள் கைவிட்டார். பிளாஸ்டிக் உறைக்குள் மடிப்பு விழாமல் வைத்திருந்தார். கொடுக்கும்போது மகளைப் பார்க்கவில்லை. இன்னாசியின் கையில் கொடுத்தார்.

“நேரமாகுது சார்” என்றார். “பாடத்தை ஆரம்பிங்க.”

புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டார். எந்தப் பக்கம் என்று அவர் பார்த்ததாகத் தெரியவில்லை.

“படிச்சிட்டு இருங்க, வந்துர்றேன்” என்று வகுப்பிடம் சொல்லிவிட்டு இன்னாசி தபதியை அழைத்துக்கொண்டு இறங்கினார்.

தெருவில் வெயில் வந்திருந்தது. பஸ் நிலையம் பக்கம்தான். இருவரும் நடந்தே போனார்கள். சான்றிதழ் உறையை அவள் இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள்.

மதுரை வண்டி புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது.

“காலேஜ்ல யாராவது அப்பா எங்கன்னு கேட்டா?” என்றாள்.

“என் நம்பரைக் குடு. நான் பேசுறேன்.”

“சரி.”

படியில் ஒரு காலை வைத்தவள் இறங்கிவிட்டாள்.

“சித்தப்பா.”

“சொல்லு.”

“அப்பா எந்திரிக்க மாட்டாங்கன்னு உங்களுக்குத் தெரியும்.”

இன்னாசி தலையை ஆட்டினார். ஆமென்றும் இல்லையென்றும் சொல்லாத ஆட்டம்.

“நான் எந்திரிப்பாங்கன்னு நெனச்சேன்” என்றாள். “எந்திரிச்சா நான் மாட்டிக்குவேன்னு தெரியும். இருந்தாலும் எந்திரிக்கணும்னுதான் நெனச்சேன்.”

கண்டக்டர் தகரத்தில் தட்டினார். “ஏறும்மா, ஏறு. மதுர, மதுர.”

அவள் ஏறவில்லை.

“எந்திரிச்சிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க சித்தப்பா?”

இன்னாசி உரக்கடை இருந்த திசையைப் பார்த்தார்.

“ரெண்டு பேரையும் இந்த பஸ்ல ஏத்தி விட்டிருப்பேன்.”