சோளத்தின் இலையில் நின்ற கோபம்

அந்தக் காலத்தில் பயிருக்கும் மாட்டுக்கும் மனிதனுக்கும் ஒரே பேச்சுதான் இருந்தது. பேச்சு ஒன்றாக இருந்ததால் ஒருவர் சொன்னதை ஒருவர் காதில் வாங்கினார்கள் என்று நினைத்துவிடக் கூடாது.

சென்னியப்பனின் மேட்டுக்காடு மழையை மட்டும் நம்பிய நிலம். நடுக்காடு முழுவதும் மாட்டுத் தீவனத்துக்கென்று விதைத்த சோளம். வரப்போரக் கற்களுக்கிடையில், யாரும் விதைக்காமல் முளைத்த தட்டைப்பயற்றுக் கொடி.

"சோளத்தண்ணே, பக்கத்துல கொஞ்சம் இடம் குடு. உன்னப் புடிச்சு மேல வந்துக்கறேன்" என்று கொடி கேட்கும்.

"ஒண்ட வந்தவளுக்கு நடுக்காடு கேக்குதாக்கும்! வரப்போரமாவே கெட."

வரப்பில் கட்டியிருந்த மயிலைப் பசு இதையெல்லாம் கேட்டபடி அசைபோடும். யார் வீட்டுச் சண்டையோ என்றிருக்கும் அதற்கு. அதன் கவலையெல்லாம் தலைச்சன் கன்றைப் பற்றித்தான். கன்று அப்போதுதான் புல் கடிக்கப் பழகியிருந்தது.

அதற்கு முந்தைய மூன்று வருடமும் சோளம் தனியாளாக மண்ணைத் தின்றிருந்தது. இந்த நான்காம் வருடம் மண்ணில் தின்ன ஒன்றுமில்லை. பயிர் முழங்கால் உயரம் வந்ததும் மழையும் நின்றுபோனது. சோளத்துக்கு வானத்தின் மேல் கோபம், விதைத்தவன் மேல் கோபம், வரப்பில் அப்போதும் பச்சையாகச் சிரித்த கொடியின் மேல் எல்லாவற்றையும்விடக் கோபம். அந்தக் கோபம் நஞ்சாகி இலைகளில் ஏறி நின்றது. சோளத்துக்கு அது தெரியும். வாய் திறக்கவில்லை.

ஒரு காலையில் சென்னியப்பன் வந்து வாடிய பயிரைப் பார்த்தான்.

"காஞ்சு கருகறதுக்கு மாட்டு வாய்க்காச்சும் போகட்டும்" என்று கயிற்றை அவிழ்த்துவிட்டான்.

கன்று துள்ளிக்கொண்டு முன்னால் ஓடியது. நாலு வாய் தின்றிருக்கும். கால்கள் பின்னின. வாயில் நுரை தள்ளியது. மயிலை ஓடிப்போய் நக்கி முடிப்பதற்குள் மூச்சு நின்றுவிட்டது.

மயிலை தலையை நிமிர்த்தியது.

"தெரிஞ்சுதானே நின்னே?"

சோளம் குனிந்தது. "எனக்கு வானத்து மேலதான் கோபம்…"

"வானத்தையா தின்னுச்சு என் கன்னு? உன்னையல்லவா தின்னுச்சு! 'வராதே'ன்னு ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை சொன்னா உன் இலை உதுந்துபோயிருமா?"

மயிலை வரப்புக்குப் பாய்ந்து, காய்கள் முற்றித் தொங்கிய கொடியைக் கொம்பால் குத்தி வேரோடு பிடுங்கியது.

"அக்கா, வலிக்குது!" என்று அலறியது கொடி.

"வலிக்கட்டும். அவன் வாடுனதப் பாத்துச் சிரிச்சவதானே நீ? நானும் கேட்டுக்கிட்டு அசைபோட்டவதானே?"

கொம்பில் கொடியோடு மயிலை காடெங்கும் ஓடியது. காய்கள் படபடவென்று வெடித்து விதைகள் சிதறின. குளம்பில் மிதிபட்டுச் சோளம் முறிந்து விழுந்தது.

"ஏய் மயிலை, பயிர மிதிக்காதே!" என்று சென்னியப்பன் கத்தினான்.

"இது பயிரா? நீ விதைச்ச நஞ்சு. இனி இவன் தனியா நிக்கிற காட்டுல வாய் வெக்க மாட்டேன். பால் கேட்டு மடியில கை வெச்சீன்னா உதைப்பேன்."

உதைக்கவும் செய்தது. எட்டு நாள் சென்னியப்பனின் கலயம் காய்ந்து கிடந்தது.

ஒன்பதாம் நாள் மழை இறங்கியது. முறிந்த சோளத்தின் அடியிலிருந்து புதுத்தூர் வெடித்தது. பக்கத்திலேயே தட்டைப்பயறு முளைத்து, கேட்காமலே அதன் இடுப்பைச் சுற்றியது. சோளம் விலக்கவில்லை. பயற்றின் வேர் மண்ணுக்கு உரம் சேர்க்க, சில வாரங்களில் சோளத்தின் இலை கரும்பச்சையாகத் தடித்தது.

"யாரு யார ஒண்டி நிக்கிறதுன்னு உன் வேரக் கேளு" என்றது கொடி.

கதிர் வெளியே வந்த பிறகு சென்னியப்பன் இரண்டையும் சேர்த்தறுத்து மயிலையின் முன் போட்டான். மயிலை மோந்து மோந்து பார்த்துவிட்டுத்தான் வாய் வைத்தது.

அன்று முதல்தான் மானாவாரிக் காட்டில் சோளமும் தட்டைப்பயறும் விதைப்பவனின் ஒரே மடியிலிருந்து விழுகின்றன. கதிர் வருமுன் வாடிய சோளத்தில் யாரும் மாட்டை விடுவதில்லை. அறுத்துப் போட்டாலும் பசு முதலில் பயற்றங்கொடியை உருவித் தின்றுவிட்டு, சோளத்தட்டில் வாய் வைக்குமுன் ஒருமுறை உஸ்ஸென்று சீறுகிறது.